மடியில் கொட்டிய நூல்

சரிகையை மலைக்குக் கொண்டுபோகக் கூடாது என்று தெரிந்துகொள்ள எனக்கு இரண்டு மழைக்காலம் ஆனது. குன்னூர் வீட்டு அலமாரியில் பழைய வேட்டித் துணியில் சுற்றி வைத்திருந்த வெள்ளிச் சரிகைக் கண்டை ஐப்பசி கழிந்து எடுத்தபோது, கரி பூசியதுபோல் கறுத்துக் கிடந்தது. மறு வருஷம் இன்னும் இறுக்கிச் சுற்றி வைத்தேன். அதுவும் கறுத்தது.

ஆறு வருஷமாக எனக்கு இரண்டு வீடு. ஒன்று மதுரையில், ஹார்விபட்டியில். அப்பா ஹார்வி மில்லில் வேலை பார்த்த காலத்தில் குடிபோன வீடு. அப்பா இப்போது இல்லை, அம்மாவுக்கு எண்பத்தொன்று. இன்னொன்று குன்னூருக்கு மேலே, என் கணவர் வேலை செய்யும் தேயிலைத் தொழிற்சாலைக்குப் பக்கத்தில். இரண்டு மாதம் அங்கே, இரண்டு மாதம் இங்கே. என் புடவைகள் இரண்டு வீட்டிலும் இருக்கின்றன. பல் துலக்கும் பிரஷ்கூட இரண்டு. தையல் சாமான் மட்டும் ஒரே ஒரு தொகுதிதான். அது எப்போதும் என்னோடு மலை ஏறும், மலை இறங்கும்.

எந்தச் சாமான் எந்த ஊருக்கு ஒத்துப்போகும் என்பது எனக்குத் தெரியாததல்ல. மதுரைச் சித்திரையில் கம்பளி நூலைத் தொட முடியாது. குரோஷா ஊசி உள்ளங்கை வியர்வையில் நழுவும், வெளிர் நிற நூல் இரண்டு வரிசை போடுவதற்குள் அழுக்கேறிவிடும். அதே கம்பளி குன்னூரில் மடியில் கிடந்தாலே சுகம். அங்கே வேறு தொல்லை: ஊசி துருப்பிடிக்கும். ஃப்ரேமில் மாட்டியபடி துணியை நாலு நாள் விட்டால், வளையம் அழுத்திய இடத்தில் வட்டமாகப் பூஞ்சை படியும், எத்தனை துவைத்தாலும் போகாது. ஆரி வேலைக்கான கட்டையை யாரும் பேருந்தில் தூக்கிப் போக மாட்டார்கள். நான் அதையும் ஒரு தடவை தூக்கிப் போனேன்.

தெரிந்தும் ஏன் சுமந்தேன் என்பதற்குக் காரணம் உண்டு. எனக்குக் கல்யாணமாகி முதல் தீபாவளிக்கு அப்பா வீட்டுக்கு வந்தபோது, என் தகரப் பெட்டி இருந்த இடத்தில் அரிசி டிரம் இருந்தது. பள்ளிக்கூட நாளிலிருந்து சேர்த்த நூல், ஜமிக்கி, பாசிமணி, பாதி போட்ட மேசைத் துணி எல்லாவற்றையும் யாரோ தைக்கிற பிள்ளைக்கு அம்மா கொடுத்துவிட்டிருந்தாள். நல்ல எண்ணத்தில்தான் கொடுத்தாள். "நீதான் போயிட்டியே" என்றாள். அந்த வார்த்தைக்கு நான் அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. அதன் பிறகு எந்த வீட்டிலும் ஒரு நூல்கண்டை விட்டுவிட்டு நான் படி இறங்கியதில்லை.

போன ஆனி மாதம் புறப்படும்போதும் அதே கதை. முந்தின ராத்திரி அம்மா கட்டிலில் உட்கார்ந்துகொண்டு நான் அடுக்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "பாதிய விட்டுட்டுப் போயேன்டி. நான் பாத்துக்க மாட்டேனா?" என்றாள். நான் பதில் சொல்லாமல் அடுக்கினேன். "அன்னிக்குக் குடுத்தத இன்னும் மனசுல வச்சிருக்கியா?" என்று கேட்டாள். அதற்கும் பதில் சொல்லவில்லை. இருவரும் பேசாமல் படுத்தோம். விடியற்காலையில் அவசரமாகக் கிளம்பினேன்.

மேட்டுப்பாளையம் தாண்டி மலை தொடங்கும் இடத்தில் பேருந்தை நிறுத்தினார்கள். நீலகிரியில் பிளாஸ்டிக் பைக்குத் தடை என்பது ஊரறிந்த சங்கதி. எனக்கும் தெரியும். ஆனால் அது தின்பண்டப் பைக்கும் தண்ணீர் பாட்டிலுக்கும் என்றே நினைத்திருந்தேன். என் துணிப்பைக்குள் நூல்கள் இருந்ததோ கடைப் பைகளில்: பச்சை வகை ஒன்றில், நீலம் ஒன்றில், சிவப்பும் ஆரஞ்சும் ஒன்றில் என்று பதினான்கு பைகள். சோதனைக்கு ஏறிய பெண் மரியாதையாகத்தான் சொன்னாள். "பையை மட்டும் குடுத்திருங்கம்மா. உள்ள இருக்கறது உங்களோடது." தப்பு என் மேல். பதினான்கு பையையும் ஒவ்வொன்றாக என் மடியில் கவிழ்த்தேன்.

ஆங்கர் நூல் ஒரு கட்டு எட்டு மீட்டர். ஆறு இழை சேர்ந்தது. அப்படி நூற்று நாற்பதுக்குக் குறையாத கட்டுகள் புடவை மடியில் குவிந்து, வழிந்து, பக்கத்து இருக்கை அம்மாளின் மடியிலும் விழுந்தன. அதுவரை அவரை நான் சரியாகப் பார்க்கவில்லை. அறுபது வயதுக்கு மேல் இருக்கும். தோளில் இறங்கிய சுருள் முடியையும் மேலே போர்த்தியிருந்த வெள்ளைத் துணியின் கரையையும் பார்த்ததும் தோடர் என்று புரிந்தது. கோயம்புத்தூரில் ஒரு கண்காட்சிக்கு வந்துவிட்டு ஊட்டிக்குத் திரும்புகிறாராம்.

அவர் ஒன்றும் கேட்காமல் தன் மடியில் விழுந்ததைப் பிரிக்க ஆரம்பித்தார். நான் எண் பார்த்துப் பிரிப்பவள். அவர் மூன்றாகப் பிரித்தார்: சிவப்பு, கறுப்பு, மற்றதெல்லாம்.

இதை எழுதும்போது ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஊட்டிக் கடைகளில் தோடர் போர்வையைப் பலமுறை பார்த்திருக்கிறேன். பூத்துக்குளி என்பார்கள். சிவப்பும் கறுப்புமாகக் கட்டம், முக்கோணம், மறுபடியும் கட்டம். தறியில் நெய்தது என்றே வெகுநாள் நினைத்திருந்தேன். கையால் தைத்தது என்று தெரிந்த பிறகும் மதிப்பு ஒன்றும் கூடிவிடவில்லை. பதினேழு பச்சை வைத்துக்கொண்டு ஒரு வாழையிலை தைக்கிறவளுக்கு, இரண்டே நிறத்தில் தைப்பது ஆரம்பப் பாடமாகத் தெரிந்தது. 2013-இல் அந்த வேலைக்குப் புவிசார் குறியீடு கொடுத்தார்கள் என்று படித்தபோதும், பழமைக்குக் கொடுத்த மரியாதை என்று கடந்துபோனேன்.

பர்லியாரில் பேருந்து நின்றது. மங்குஸ்தான் காலம். சாலையோரம் கூறு கட்டி வைத்திருந்தார்கள். நான் இறங்கி ஒரு கூறு வாங்கிவந்து அவருக்கும் நீட்டினேன். அவர் வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டார், உரிக்கவில்லை. "வெள்ளத் துணி கையில இருக்கும்போது தொட மாட்டேன். இந்தத் தோல் கறை போகாது" என்றார். நான் உரித்துத் தின்று, கைக்குட்டையில் துடைத்து, அப்புறம்தான் என் வெளிர் மஞ்சள் கட்டு ஒன்றில் ஊதாத் தீற்றல் விழுந்திருப்பதைப் பார்த்தேன்.

அவர் பையிலிருந்து தன் வேலையை எடுத்தார். ஃப்ரேம் இல்லை. துணியில் பென்சில் கோடு இல்லை, கார்பன் அச்சு இல்லை. கொஞ்சம் முரட்டு வெள்ளைத் துணி, நெய்யும்போதே அதில் வந்த பட்டைகள், அவற்றுக்கு நடுவே பாதி ஏறியிருந்த எருமைக் கொம்பு. கம்பளி நூல் கோத்த ஊசியால் துணியின் இழைகளை எண்ணி எண்ணி எடுத்தார். இழையை முழுக்க இழுத்து இறுக்கவில்லை. நெல்மணி அளவு தளர விட்டார். அந்தத் தளர்வுதான் மறுபக்கத்தில் புடைத்துக்கொண்டு நிற்கிறது. அவர் பார்த்துத் தைக்கும் பக்கம் ஒன்று, ஊர் பார்க்கப் போர்த்தும் பக்கம் இன்னொன்று. தைக்கிற நேரமெல்லாம் நல்ல பக்கம் அவர் கண்ணுக்குத் தெரியாது.

ஒரு வரிசை நான் போட்டுப் பார்க்கட்டுமா என்று கேட்டேன். கொடுத்தார். நாற்பது வருஷமாக ஊசி பிடிக்கிற கை என்னுடையது. மூன்று இழை எடுத்து, ஐந்து விட்டு, மூன்று எடுத்து... கொண்டை ஊசி வளைவில் பேருந்து திரும்பியபோது எண்ணிக்கை போய்விட்டது. மறுபடி ஆரம்பித்தேன், மறுபடி போயிற்று. அவர் வாங்கி, நான் போட்டதை நகத்தால் நெம்பி எடுத்துவிட்டு, ஜன்னல் வழியே பள்ளத்தாக்கைப் பார்த்தபடியே தொடர்ந்தார். விரல் எண்ணிக்கொண்டிருந்தது.

தோடர்கள் நூற்பதும் இல்லை, நெய்வதும் இல்லை. துணியும் நூலும் எந்தக் காலத்திலும் வெளியிலிருந்துதான் வந்திருக்கின்றன. பஞ்சு வாசத்தில் வளர்ந்தவள் நான். அப்பா வேலை முடிந்து வரும்போது தலைமுடியில், புருவத்தில் எல்லாம் வெள்ளையாகப் பஞ்சு ஒட்டியிருக்கும். நூல் என்பது எங்கள் வீட்டுச் சொத்து என்ற நினைப்பு எனக்குள் எப்போதும் உண்டு. நூல் செய்யாத மக்கள் நூலால் இப்படி ஒன்றைச் செய்திருக்கிறார்கள் என்பது அந்த இருக்கையில்தான் எனக்கு உறைத்தது. கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

"ரெண்டு வீடுன்னா ரெண்டு வீட்டுக்கும் இதையெல்லாம் தூக்கறீங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவர் பாட்டி காலத்தில், மலைமேல் புல் காய்கிற மாதங்களில் எருமைகளை ஓட்டிக்கொண்டு குந்தாப் பக்கத்து மந்துக்கு, அதாவது அங்கிருந்த தோடர் குடியிருப்புக்கு, குடும்பத்தோடு போய்விடுவார்களாம். மழை வந்த பிறகு திரும்புவார்களாம். இரண்டு மந்து, இரண்டு வீடு.

"தையலுக்கு என்னம்மா கொண்டுபோவாங்க?"

"தைக்கிற துணியத்தான். மேல போத்தியிருப்பாங்க. ஊசி அதுலயே குத்தியிருக்கும்."

வயதானவர்கள் தங்கள் கடைசிப் போர்வையைத் தாங்களே தைத்து வைத்துக்கொள்வதைப் பற்றியும் சொன்னார். இறந்தவரை அந்தப் போர்வையில் சுற்றித்தான் அனுப்புவார்கள். அவருடைய அம்மா தன்னுடையதை முடிக்கப் பத்து வருஷம் எடுத்துக்கொண்டாராம், அவசரம் என்ன என்று. சொல்லும்போது அவர் முகத்தில் துக்கம் இல்லை. பிள்ளை நன்றாகப் படித்ததைச் சொல்வதுபோல் சொன்னார்.

பிறகு என் மடியைப் பார்த்துக் கேட்டார்: "இதுல எது பாதியில நிக்குது? காட்டுங்க."

காட்டலாம் என்று பைக்குள் கைவிட்டேன். அண்ணன் மகள் கல்யாணத்துக்காகத் தைத்துக்கொண்டிருந்த ரவிக்கைத் துணி. கைப்பகுதியில் ஒரு மயில், கழுத்து வரை வந்திருந்தது. மேல் பையில் இல்லை. அடிப் பையில் இல்லை. பெட்டியைத் திறந்து புடவைகளுக்கு நடுவே துழாவினேன். கத்தரி இருந்தது, நாலு ஃப்ரேம் இருந்தது, ஜமிக்கி டப்பா ஆறு இருந்தது, ட்ரேசிங் பேப்பர் சுருள் இருந்தது. மயில் இல்லை. அம்மாவோடு பேசாமல் அடுக்கிய ராத்திரியில் அதை அவள் கட்டில் மேல் வைத்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது. எல்லா நூலையும் எடுத்துக்கொண்டு, தைக்கிறதை விட்டுவிட்டு வந்திருந்தேன்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒரு துணிக்காக அழுகிற வயதில்லை எனக்கு. அது துணிக்காக இல்லை என்று அந்த அம்மாளுக்குப் புரிந்திருக்க வேண்டும். ஒன்றும் சொல்லவில்லை. சிதறியிருந்த கட்டுகளை என் முந்தானையில் சேர்த்து, இறுக்கி முடிச்சுப் போட்டுக் கொடுத்தார்.

குன்னூரில் நான் இறங்குமுன் ஒரே ஒரு கட்டை அவர் கேட்டார். 46-ஆம் எண், நல்ல சிவப்பு. அவருடைய வேலைக்கு அது ஆகாது. பருத்தி நூல் கம்பளிபோல் உப்பி நிற்காது. பேத்தி எண்ணிப் பழகட்டும் என்று கேட்டார். பத்துக் கட்டு எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். ஒன்று போதும் என்று, பதிலுக்குத் தன் கறுப்புக் கம்பளி நூலில் ஒரு முழம் பல்லால் கடித்துக் கொடுத்தார். மங்குஸ்தானை மறக்காமல் பையில் போட்டுக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து அம்மாவுக்குப் போன் செய்தேன். "கட்டில்ல துணி கெடக்குடி" என்றாள். "வளையத்தக் கழட்டி வச்சிட்டேன். அப்படியே விட்டா தடம் விழுந்திரும்ல. ஊசியயும் பவுடர் டப்பாவுல போட்டு வச்சிட்டேன்." நான் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன். "யாருக்கும் குடுத்துர மாட்டேன்" என்றாள் அவளே.

அந்த இரண்டு மாதம் குன்னூரில் கம்பளி மட்டும் பின்னினேன். ஆவணிக் கடைசியில் மதுரைக்கு இறங்கியபோது, கம்பளியையும் குரோஷா ஊசிகளையும் அங்கேயே கற்பூரம் போட்டுப் பெட்டியில் வைத்துவிட்டேன். பருத்தி நூல் மொத்தமும் மதுரைக்கு வந்துவிட்டது, இனி அங்கேதான் இருக்கும். பூட்டும்போது கை தயங்கியது உண்மை. கணவர் பார்த்துக்கொண்டிருந்தார். சாவியை அவரிடம் கொடுத்தேன்.

ஹார்விபட்டி வீட்டில் பையைப் பிரித்ததும் அந்தக் கறுப்புக் கம்பளி இழை மேலே இருந்தது. அம்மாவுக்குக் கண்ணில் புரை. இழையை வெளிச்சத்துக்குத் தூக்கவில்லை. மில் தொழிலாளி பெண்டாட்டி, இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து எதிர்த்திசையில் முறுக்கினாள். இழை பிரிந்தது.

"ரெட்டப் புரி" என்றாள். "எங்க கெடச்சுச்சு?"

பேருந்தில் நடந்ததைச் சொன்னேன். பிளாஸ்டிக் பை, மங்குஸ்தான், எருமைக் கொம்பு எல்லாம் சொன்னேன். அழுததைச் சொல்லவில்லை. அம்மா கேட்டுக்கொண்டே பவுடர் டப்பாவைத் திறந்து, ஊசியை எடுத்துத் துடைத்து என் பக்கம் நீட்டினாள். மயிலை மடியில் விரித்தாள்.

"கொண்டைக்குச் செவப்புத்தானே வைக்கணும்? அது எங்க?"

"அது ஊட்டிக்குப் போயிருச்சும்மா. நாளைக்கு வாங்கிக்கலாம்."