சாலைக்கும் வரப்பு உண்டு

வேளச்சேரியில் ஒரு குறுக்குத் தெருவில் சாலையோரக் கெர்ப் கல் பதித்துக்கொண்டிருந்தார்கள். கம்பிகளை நட்டு, நைலான் நூலை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்த மேஸ்திரி சொன்னார்: "நூல்தான் சார் எல்லாம். கல்லு நூலை இடிக்கவும் கூடாது, விட்டு விலகவும் கூடாது."

ஒரு கல் அரை மீட்டர் நீளம், 30 செ.மீ. உயரம், 15 செ.மீ. தடிமன். கணக்குப் போட்டால் ஏறக்குறைய 54 கிலோ. இரண்டு பேர் தூக்கி வந்து பெட் கான்கிரீட்டின் மேல் வைக்க, மேஸ்திரி ரசமட்டம் பார்த்து மரச்சுத்தியால் தட்டி இறக்குகிறார். நடைபாதைப் பக்கம் கல்லின் முதுகுக்குக் கான்கிரீட் முட்டு. பின்னாலேயே சித்தாள் ஒருவர் இணைப்புகளில் கலவை பூசிக்கொண்டு வருகிறார்.

"இப்படி மட்டமா வச்சா தண்ணி எப்படிண்ணே ஓடும்?"

"குறுக்கேதான் சார் மட்டம். நீளத்துக்கு வாட்டம் விட்டிருக்கு, நூலைப் பாருங்க."

கல்லில் பாதி புதைந்துவிடும். வெளியே தெரிவது 15 செ.மீ. நடைபாதை அதற்கு மேல் உயரக் கூடாது என்கிறது இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸின் 103ஆம் வழிகாட்டி. உயர்ந்தால் முதியவர்கள் ஏறச் சிரமப்படுவார்கள்.

தார்ச்சாலையின் நடுவைச் சற்று உயர்த்தியே போடுகிறார்கள். 7 மீட்டர் அகலத்துக்கு 2 சதவீத வாட்டம் என்றால், நடுவில் 7 செ.மீ. உயரம். மழைநீர் இருபுறமும் ஒதுங்கி, கெர்ப்பை ஒட்டி ஓடி, திறப்புகள் வழியே வடிகாலில் இறங்க வேண்டும். ஓரத்தில் தேங்கினால் ஜல்லியைத் தார் விட்டுவிடும். சாலை அங்கிருந்து பெயரும். நடைபாதையின் பேவர் கற்கள் பக்கவாட்டில் நழுவாமல் பிடித்திருப்பதும் இந்தக் கல்தான். "வரப்பு இல்லாத வயல் மாதிரிதான் சார், கெர்ப் இல்லாத ரோடு" என்றார் மேஸ்திரி.

கெர்ப் பராமரிப்பு என்றாலே கறுப்பு வெள்ளைப் பட்டை அடிப்பது என்றாகிவிட்டது. திறப்புகளில் சேரும் மண்ணையும் பிளாஸ்டிக்கையும் அள்ளுவதுதான் அதைவிட முக்கியம். பைக் ஏற்ற வீட்டுக்கு வீடு கொட்டும் சிமெண்ட் சரிவும் தண்ணீரை மறிக்கிறது.

எல்லாவற்றையும்விடப் பெரிய கேடு, பழைய சாலையின் மேலேயே புதுத் தார் போடுவது. தடவைக்கு 4 செ.மீ. என்றால் மூன்று தடவையில் 12 செ.மீ.; கெர்ப்பில் எஞ்சுவது 3 செ.மீ. சாலை உயர, வீடுகள் பள்ளமாகின்றன. பழைய அடுக்கைச் சுரண்டிவிட்டே புதிது போட வேண்டும் என்று 2021இல் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு அறிவுறுத்தினார். "முன்னாடி நான் வச்ச கல்லு எத்தனையோ இப்ப தாருக்குள்ள கிடக்கு" என்கிறார் மேஸ்திரி. சித்தாள் சிரித்துவிட்டு அடுத்த இணைப்புக்கு நகர்ந்தார்.

உங்கள் தெருவுக்குத் தார் வண்டி வந்தால், பழைய அடுக்கைச் சுரண்டினார்களா என்று கேளுங்கள். பதில் வராவிட்டால், வேலைக்கு முன்னும் பின்னும் கெர்ப்பில் ஒரு ஸ்கேலை வைத்து அளந்து பாருங்கள். தெரு எவ்வளவு உயர்ந்தது என்பது தெரிந்துவிடும்.