ஆலோசகரைப் பார்க்க என்ன பயம்?



மூணு வாரத்துக்கு முன்னாடி, வெள்ளிக்கிழமை பூஜை முடிஞ்சு நம்ம பாக்கார் ஆராங் கோயில்ல அன்னதானப் பாத்திரம் கழுவிக்கிட்டு இருந்தோம். லீவுக்கு வந்திருந்த பொண்ணு ஒண்ணு, சின்ன வயசுலேர்ந்து எங்களோட தொண்டு செய்யற பிள்ளை, மெதுவா சொன்னுச்சு: "மாமா, நான் படிப்ப நிறுத்தப் போறேன். அப்பாகிட்ட நீங்கதான் சொல்லணும்."

தூக்கி வாரிப் போட்டுச்சு. விசாரிச்சா, பிசியாலஜி பாடத்துல பெயில். சராசரி 2.00-க்குக் கீழ போயிடுச்சு. பி.டி.பி.டி.என். கடன் நின்னுடுமோன்னு பயம்.

"உனக்குன்னு ஒரு ஆலோசகர் இருப்பாங்களே?"

"பெனாசிஹாட் அக்காடெமிக் இருக்காங்க மாமா. கையெழுத்து வாங்க ஒரு தடவை போனதோட சரி. போனா கேவலமா நினைப்பாங்க."

நான் பேக்டரியில சூப்பர்வைசர். மெஷின்ல கோளாறுன்னு முதல் நாளே சொல்ற பையனை நான் திட்டினதில்லை. மூணு நாள் மறைச்சு, ரிஜெக்ட் குவிஞ்ச பிறகு சொல்றவன்தான் மாட்டிக்குவான். இதைச் சொன்னேன். அன்னைக்கு ராத்திரியே ஆலோசகருக்கு எழுதினா.

அவங்க திட்டலையாம். "நீ எஸ்.பி.எம். மாதிரி மனப்பாடம் பண்றே, பிசியாலஜிக்கு அது உதவாது"ன்னு சொல்லி உதாரணமும் கொடுத்தாங்களாம். பஜனையில ரொம்ப நேரம் உட்கார்ந்து எழுந்தா ரத்தம் காலுக்கு இறங்கும், அழுத்தம் குறையும். கழுத்து ரத்தக்குழாயில இருக்கற உணர்விகள் மூளைக்குச் சொல்லும். உடனே இதயம் வேகமாத் துடிக்கும், ரத்தக்குழாய் சுருங்கும். எதனால எது நடக்குதுன்னு அம்புக்குறி போட்டுப் படிக்கணுமாம்.

அடுத்த செமஸ்டர்ல பாடத்தைக் குறைச்சு, பெயிலானதைத் திரும்ப எடுக்கறா. படிப்பு முடிய ஆறு மாசம் கூடும். அதை அப்பாகிட்ட அவளே சொன்னா. நான் பக்கத்துல நின்னேன், அவ்வளவுதான்.

பெற்றோருக்கு ஒண்ணு. பிசியாலஜி வேற, பிசியோதெராபி வேற. முதலாவது உடம்பு எப்படி வேலை செய்யுதுன்னு படிக்கறது. இரண்டாவது சிகிச்சைத் தொழில். அதுக்கு 2016-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு வேணும். யு.பி.யு.வில விண்ணப்பிக்கும் முன்னாலேயே இதை விசாரிச்சுக்குங்க.

பிள்ளைங்க போன் பண்ணா "ரிசல்ட் என்ன"ன்னு மட்டும் கேக்காதீங்க. "ஆலோசகரைப் பார்த்தியா"ன்னும் கேளுங்க.

ஓம் நமசிவாய.