நாத்தான் போன பிறகு

நாளாகமத்தை எழுதியவருக்குத் தாவீதின் மேல் அபிமானம் அதிகம். அரண்மனை மாடியில் ராஜா உலாவிய சாயங்காலம், பத்சேபாள், அவள் கணவன் உரியாவின் சாவு என்று சாமுவேலின் இரண்டாம் புத்தகம் ஒரு முழு அதிகாரத்தில் சொல்கிற விஷயத்தை அவர் சத்தமில்லாமல் தாண்டிவிடுகிறார். தளபதி யோவாப் அம்மோனியரின் ரப்பா நகர்மேல் படையெடுத்துப் போகிறான், தாவீது எருசலேமில் தங்கிவிடுகிறான், அடுத்த வசனத்தில் அம்மோனியரின் கிரீடம் தாவீதின் தலையில் இருக்கிறது. நடுவில் ஒன்றுமே நடக்கவில்லை.

சாமுவேல் புத்தகத்துக்காரர் அப்படி விடுகிறவர் இல்லை. தாவீதின் பராக்கிரமசாலிகள் 37 பேர் என்று சொல்லும் பட்டியலில் கடைசிப் பெயராக ஏத்தியனான உரியாவை வைக்கிறார். பல நூற்றாண்டு கழித்து மத்தேயு இயேசுவின் வம்ச வரலாற்றை எழுதும்போதும் சாலொமோனின் தாயைப் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை; உரியாவின் மனைவியாக இருந்தவள் என்கிறார். தாவீது மன்னிக்கப்பட்டுவிட்டான். ஆனாலும் உரியாவின் பெயரை வேதம் அழிக்கவில்லை. எனக்கு இதில் ஒரு நிம்மதி உண்டு. கொன்றவன் இரக்கம் பெற்றான் என்பதற்காகக் கொல்லப்பட்டவன் மறக்கப்பட வேண்டும் என்றால் அந்த இரக்கத்தை என்னால் ஏற்க முடியாது.

ஓய்வுநாள் பள்ளியில் எங்களுக்குக் கோலியாத்தைச் சொன்னார்கள். கொஞ்சம் வளர்ந்ததும் நாத்தானைச் சொன்னார்கள். ஏழையிடம் இருந்த ஒரே ஆட்டுக்குட்டியைப் பணக்காரன் பிடுங்கிக்கொண்ட கதையை நாத்தான் சொல்ல, ராஜா கொதித்துப்போய் நாலத்தனை திருப்பித் தரவேண்டும் என்று தீர்ப்புச் சொல்ல, அந்த மனிதன் நீயே என்று தீர்க்கதரிசி விரலை நீட்ட, ராஜா பாவத்தை ஒத்துக்கொள்வான். பாடம் அங்கே முடிந்துவிடும். மணி அடித்து, மிட்டாய் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவோம். 12-ஆம் அதிகாரத்துக்குப் பின்னால் இன்னும் எட்டு அதிகாரம் இந்தக் கதையே ஓடுகிறது என்பது, பெரியவனாகி ஒரே இருப்பில் அந்தப் புத்தகத்தை வாசித்தபோதுதான் எனக்கு உறைத்தது.

மன்னிப்பு அங்கே உண்மையானது, அதில் சந்தேகம் வேண்டாம். மோசேயின் சட்டப்படி விபசாரத்துக்கும் கொலைக்கும் மரணம்தான் தண்டனை. அந்தக் குற்றங்களைத் தீர்க்க ஆடோ மாடோ கொண்டுவந்து பலியிட வழியில்லை. 51-ஆம் சங்கீதத்தில் பலியால் பயனில்லை என்று தாவீது தவிப்பதை நான் வெகுநாள் வெறும் பக்தி அடக்கமாகவே வாசித்தேன். அவனுக்கு நிஜமாகவே கொடுக்க ஒன்றும் இல்லை. அந்த நிலையில்தான், நீ சாகமாட்டாய் என்று நாத்தான் சொல்கிறான். சொன்ன வாயை மூடுமுன், பத்சேபாளிடம் பிறந்த பிள்ளை சாகும் என்கிறான். பட்டயம் உன் வீட்டைவிட்டு விலகாது என்பதை அதற்கு முன்பே சொல்லியாயிற்று.

பிள்ளை ஏழாம் நாள் செத்துப்போகிறது. தகப்பன் செய்ததற்குப் பச்சைப் பிள்ளை ஏன் என்ற கேள்விக்கு எனக்கு விடை கிடையாது. விடை சொல்கிறவர்களை நான் நம்புவதும் இல்லை. அதன் பின் நடப்பவற்றைத்தான் நான் அடிக்கடி திரும்ப வாசிக்கிறேன். வானத்திலிருந்து இடி எதுவும் விழவில்லை. எல்லாம் மனிதர் வழியாகவே, தாவீது தன் கையால் விதைத்ததிலிருந்தே முளைத்து வருகின்றன.

மூத்த மகன் அம்னோன் தன் தங்கை முறையான தாமாரைப் பலாத்காரம் செய்கிறான். தாவீதுக்குக் கோபம் வருகிறது. கோபம் வந்தது என்பதோடு வசனம் முடிந்துவிடுகிறது. அவன் ஒன்றும் செய்யவில்லை. எந்த வாயால் செய்வான்? ஊரான் பெண்சாதியை ஆள் அனுப்பி அழைப்பித்த தகப்பன், மகனைக் கூண்டில் நிறுத்தினால் மகன் என்ன கேட்பான் என்பது அவனுக்குத் தெரியும். தகப்பன் செய்யாததைத் தாமாரின் கூடப்பிறந்த அண்ணன் அப்சலோம் இரண்டு வருஷம் காத்திருந்து, ஆடு மயிர் கத்தரிக்கும் விருந்தில் செய்து முடிக்கிறான்.

யோவாபை எடுத்துக்கொள்ளுங்கள். உரியாவை முன்னணியில் நிறுத்திவிட்டுப் பின்வாங்கச் சொன்ன கடிதம் அவன் கைக்குத்தான் போனது. கொண்டுபோனவன் உரியாவே. அன்றைக்கு ராஜாவின் ரகசியம் தளபதியின் மடியில் விழுந்தது. பிறகு அப்சலோம் தகப்பனுக்கு விரோதமாகக் கலகம் செய்தபோது, அவனை மெதுவாக நடத்துங்கள் என்று தாவீது எல்லார் காதிலும் விழும்படி கெஞ்சியும், கர்வாலி மரத்தில் தொங்கிக்கொண்டிருந்தவன் நெஞ்சில் மூன்று ஈட்டியைக் குத்தினவன் இந்த யோவாப்தான். ராஜாவுக்காக ஒருவனைக் கொன்றவனுக்கு, ராஜா சொல்லை மீறி இன்னொருவனைக் கொல்வதில் என்ன தயக்கம்?

அகித்தோப்பேல் கதை இன்னும் நுட்பமானது. தாவீதின் ஆலோசகன், அவன் யோசனை தெய்வவாக்குப் போலிருக்கும் என்று பேர் பெற்றவன், அப்சலோம் பக்கம் போய்ச் சேர்கிறான். ஏன் என்று புத்தகம் சொல்வதில்லை. ஆனால் பத்சேபாளின் தகப்பன் பெயர் எலியாம் என்று ஓரிடத்திலும், எலியாம் அகித்தோப்பேலின் மகன் என்று பராக்கிரமசாலிகள் பட்டியலிலும் வருகிறது. இரண்டு எலியாமும் ஒருவனே என்று பழைய வாசகர்கள் பலர் கொண்டார்கள். அப்படியானால் அவன் பத்சேபாளின் தாத்தா. தாவீது விட்டுப்போன மறுமனையாட்டிகளிடம் எல்லாரும் அறியப் பிரவேசி என்று அப்சலோமுக்கு யோசனை சொன்னவனும் இவனே. அதற்காக எல்லாரும் பார்க்க மாடியில் கூடாரம் போட்டார்கள். எந்த அரண்மனை மாடியிலிருந்து தாவீது எட்டிப் பார்த்தானோ, அங்கேயே!

எங்கள் பக்கத்துச் சாட்சிக் கூட்டங்களில் கதை வேறு மாதிரி போகும். குடித்தேன், அடித்தேன், ஆண்டவர் சந்தித்தார், இன்றைக்கு வீடு சமாதானமாக இருக்கிறது. அது பொய் என்று சொல்ல வரவில்லை. ஆனால் அப்படி மனந்திரும்பின ஒருவரை எனக்குத் தெரியும். ஆராதனைக்கு முதல் ஆளாக வந்து பாய் விரிப்பார். குடியில் விற்ற வயல் விற்றதுதான். மூத்த மகள் அவரோடு பேசுவதில்லை. தன் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது அவருக்குச் சொல்லவும் இல்லை. ஜெபம் பண்ணினால் மனசு மாறுவாள் என்று யாரோ ஆறுதல் சொன்னபோது, “அவ பேசாம இருக்கதுல நியாயம் இருக்கு தம்பி” என்றார். மேடை ஏறின எந்தச் சாட்சியிலும் இவ்வளவு தெளிவாக நான் மன்னிப்பைக் கேட்டதில்லை.

ஏனென்றால் தாவீதிடமும் கிருபையை நான் பார்ப்பது நாத்தான் நின்ற அறையைவிட ஒலிவமலை ஏற்றத்தில்தான். மகன் துரத்த, வெறுங்காலோடு, தலையை மூடிக்கொண்டு அழுதபடி ஏறுகிறான். ஏறுமுன்பே ஆசாரியர்களான சாதோக்கும் அபியத்தாரும் உடன்படிக்கைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கூடவே வருகிறார்கள். தோற்று ஓடுகிற ராஜாவுக்கு அதைவிடப் பெரிய பலம் கிடையாது. அதைத் திருப்பி அனுப்பிவிடுகிறான். கர்த்தரின் தயவு கிடைத்தால் திரும்பி வந்து பார்ப்பேன், கிடைக்காவிட்டால் அவருக்கு நலமானதைச் செய்யட்டும் என்று விடுகிறான். தேவனைக் கேடயமாகப் பிடித்துக்கொள்ளாமல் அவர் கையில் தன்னை விட்டுவிட அவனால் முடிகிறது. கொஞ்சம் தள்ளி, சவுல் வீட்டானாகிய சீமேயி கல்லெறிந்து, இரத்தப்பிரியனே என்று தூஷிக்கிறான். சவுல் குடும்பத்தின் இரத்தத்துக்காக என்கிறான். காரணம் தவறு, பட்டம் சரி. தலையை வெட்டிவிடட்டுமா என்று தாவீதின் வீரன் அபிசாய் கேட்கிறான். தாவீது, தூஷிக்கட்டும் விடு என்கிறான். பழைய தாவீது கடிதம் எழுதியிருப்பான்.

இதை ரொம்பவும் மெழுகிவிடவும் கூடாது. சாகக் கிடக்கும்போது இதே சீமேயியைச் சும்மா விடாதே என்று சாலொமோனிடம் சொல்லிவிட்டுத்தான் கண்ணை மூடுகிறான்.

430-இல் வாந்தலர் படை ஹிப்போ நகரை முற்றுகையிட்டிருந்தபோது, மரணப் படுக்கையில் இருந்த அகுஸ்தினார் தாவீதின் மனவருத்தச் சங்கீதங்களை எழுதிச் சுவரில் ஒட்டச் சொன்னார், படுத்தபடியே வாசித்து அழுதார் என்று அவருடைய சீடர் போசிதியுஸ் எழுதியிருக்கிறார். மன்னிப்பைப் பற்றி அவ்வளவு எழுதியவர், ஞானஸ்நானம் பெற்று நாற்பது வருஷத்துக்கு மேல் ஆனவர். மன்னிப்பு நிச்சயம் என்று அறிந்தவன்தான் இப்படி அழுவான் என்று எனக்குத் தோன்றுகிறது. நிச்சயமில்லாதவன் வக்கீல் வைப்பான்.

ஒரு விஷயம் மட்டும் ஒத்துப்போக மாட்டேன் என்கிறது. அப்சலோம் மாடியில் கெடுத்த அந்தப் பத்து மறுமனையாட்டிகள். வீட்டைக் காக்க அவர்களை விட்டுப்போனவன் தாவீது. வெற்றியோடு திரும்பி வந்ததும் அவர்களைக் காவல் வீட்டில் வைத்துப் பராமரிக்கிறான். சாகும்வரை உயிருள்ள கணவனுக்கு விதவைகளாக அடைபட்டுக் கிடந்தார்கள் என்று 20-ஆம் அதிகாரம் சொல்கிறது. தாவீதுக்குச் சிங்காசனம் திரும்பக் கிடைத்தது, பத்சேபாளிடம் சாலொமோன் பிறந்தான், அவனுக்குக் கர்த்தருக்குப் பிரியமானவன் என்று அதே நாத்தான் வாயால் பெயரும் வந்தது. இந்தப் பத்துப் பேருக்கு என்ன வந்தது? தேவன் ஒருவருக்கே விரோதமாகப் பாவம் செய்தேன் என்கிற பொருளில் 51-ஆம் சங்கீதத்தில் வரும் வசனத்தை இவர்கள் கேட்டிருந்தால் ஆமென் சொல்லியிருப்பார்களா? அவர்களைப் பற்றி ஒரு பிரசங்கமும் நான் கேட்டதில்லை. லெந்து நாட்களில் அந்தச் சங்கீதத்தை வாசிக்கிற ஐயர்மார் அதோடு 20-ஆம் அதிகாரத்தின் இந்த ஒரு வசனத்தையும் சேர்த்து வாசித்தால் சபையில் சிலர் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.