கறுப்புப் பெட்டியும் என் காதும்



பொங்கலுக்குப் போட்ட குடும்பப் போட்டோவில் எங்கள் முகங்களைப் பார்த்தவர்களைவிட, பின்னால் ஆம்ப்ளிஃபயர் மேல் இருந்த கறுப்புப் பெட்டியைப் பார்த்தவர்கள்தான் அதிகம் போலிருக்கிறது. "சார், அது என்ன மோடமா?" என்று பத்துப் பேராவது கேட்டுவிட்டீர்கள். ஒவ்வொருவருக்கும் தனியாக டைப் அடிக்க விரல் ஒத்துழைக்கவில்லை. அதனால் இங்கேயே சொல்கிறேன். கொஞ்சம் நீளம்தான். என் வகுப்பில் நாற்பத்தைந்து நிமிடம் உட்கார்ந்தவர்களுக்கு இது ஒன்றும் பெரிதில்லை.

நமக்குப் பாட்டுப் பைத்தியம் உண்டு என்பது தெரிந்ததே. பண்ணைப்புரம் பக்கத்து ஊர். 1976-ல் அன்னக்கிளி வந்தபோது எனக்குப் பதினாறு வயது. 'நம்ம பக்கத்து ஊர்க்காரர் போட்ட பாட்டு' என்று தேவாரம் டீக்கடைகளில் பேசிய பேச்சு இன்னும் நினைவிருக்கிறது. கல்யாண வீட்டுக் குழாய் ரேடியோவில் கேட்டது ஒரு காலம். துண்டுச்சீட்டில் பாட்டு வரிசை எழுதி, டி.டி.கே. கேசட்டோடு போடியில் ரெக்கார்டிங் கடையில் கொடுத்துவிட்டு ஒரு வாரம் காத்திருந்தது ஒரு காலம். ஆறாவது சம்பளக் கமிஷன் அரியர்ஸ் வந்தபோது ஒரு ஆம்ப்ளிஃபயரும் சோனோடைன் ஸ்பீக்கர் ஜோடியும் வாங்கினேன். வீட்டுக்காரம்மா அந்தப் பணத்தில் நாலு பவுன் எடுத்திருக்கலாம் என்று இன்றைக்கும் சொல்வார். தங்கம் விற்கிற விலையைப் பார்த்தால் அவர் சொல்வதில் நியாயம் உண்டு.

போன வருடம் சி.டி. பிளேயர் உயிரை விட்டது. மகன் வந்து எல்லா சி.டி.யையும் லேப்டாப்பில் ஏற்றி, அதன் இயர்போன் துளையிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்கு வயர் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனான். அன்றிலிருந்து வீட்டில் சண்டை. பின்னணியில் ஒரு 'ம்ம்ம்' இரைச்சல். வயலின் கூட்டமாக எழும்பும் இடத்தில், "சில்வர் தட்டுல கரண்டியப் போட்டு உரசுற மாதிரி இருக்குங்க, நிப்பாட்டுங்க" என்பார் வீட்டுக்காரம்மா.

பெங்களூரில் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் இருக்கும் பழைய மாணவர் ஒருவரிடம் போனில் கேட்டேன். "சார், உங்களுக்கு நல்ல டாக் ஒண்ணு வேணும்" என்றார். ஸ்பீக்கரில் போட்டுப் பேசியது தப்பாகிவிட்டது. "இந்த வயசுல நாய் எதுக்கு?" என்று அடுப்படியிலிருந்து குரல் வந்தது.

டாக் என்பது எண்களை மின்சார அலையாக மாற்றும் கருவி. இந்த இடத்தில் 1995, 96 வாக்கில் பிளஸ் டூ படித்தவர்கள் ஒரு திருத்தம் குறித்துக்கொள்ள வேண்டும். ஒரு மாணவன் வகுப்புக்கு சி.டி. ஒன்றைக் கொண்டுவந்தான். நான் போர்டில் அழகாக ஓர் அலை வரைந்து, அதன்மேல் படிக்கட்டு வரைந்து, "டிஜிட்டல்னா இப்படித்தான், அலையை வெட்டிப் படியாக்கிடும். அதனாலதான் கேசட் மாதிரி இனிமை வராது" என்றேன். தவறு. சி.டி.யில் இருப்பது படிகள் இல்லை, புள்ளிகள். வினாடிக்கு 44,100 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் 65,536 உயரங்களில் ஏதோ ஒன்றில் நிற்கும். ஒலியின் மிக உயர்ந்த அதிர்வெண்ணைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் புள்ளிகள் எடுத்துவிட்டால், அந்த எல்லைக்குள் அவை வழியாகப் போகக்கூடிய அலை ஒன்றே ஒன்றுதான். நைக்விஸ்ட், ஷானன் என்ற இருவர் பெயரால் வழங்கும் விதி இது. மனிதக் காது 20,000 ஹெர்ட்ஸ் வரை என்பதால் 44,100 போதும். கடைசியில் உள்ள வடிகட்டி படிகளைக் கரைத்து, பழைய வழவழப்பான அலையையே திருப்பிக் கொடுத்துவிடும். முப்பது வருடம் கழித்துத்தான் எனக்கே இது உறைத்தது. நோட்டை வைத்திருப்பவர்கள் அந்தப் படத்தை அடித்துவிடுங்கள்.

சரி, டாக் வாங்குவோம் என்றால் அங்கேயும் இரண்டு கட்சி. துபாயில் இருக்கும் என் அக்கா மகனுக்கு இதே பைத்தியம் என்னைவிட முற்றியிருக்கிறது. "மாமா, சாதா டாக் எல்லாம் அளவுல சுத்தமா இருக்கும், ஆனா உசுரு இருக்காது. ஆர்-டூ-ஆர் வாங்குங்க, அதான் மியூசிக்கலா இருக்கும்" என்றான்.

என்ன வித்தியாசம் என்று கேட்பவர்களுக்கு நம் வீட்டு அளவைப் பாத்திரத்தை வைத்தே சொல்லிவிடலாம். படி, அதில் பாதி உரி, அதில் பாதி உழக்கு, அதில் பாதி ஆழாக்கு. இந்த நான்கையும் வைத்துக்கொண்டு, எது வேண்டும் எது வேண்டாம் என்று சேர்த்தால் ஆழாக்கு கணக்கில் பதினாறு அளவுகள் வரும். ஆர்-டூ-ஆர் அதேதான். பதினாறு பாத்திரங்கள், ஒவ்வொன்றும் முந்தியதில் பாதி, எல்லாம் மின்தடைகளால் ஆனவை. சிக்கல் எங்கே என்றால், பெரிய படியே அரைச் சிட்டிகை கூடக்குறைய இருந்தால் கடைசிக் குட்டிப் பாத்திரத்துக்கு அர்த்தமே இல்லை. அந்தத் துல்லியத்தில் மின்தடை செய்வது லேசுப்பட்ட வேலையில்லை. 1982-ல் சி.டி. வந்த புதிதில் சோனி பதினாறு பிட் வேண்டும் என்று நின்றபோது, பிலிப்ஸ் கையில் இருந்தது பதினாலு பிட் சிப்தான். புள்ளிகளை நான்கு மடங்காக்கி அந்தக் குறையைச் சரிக்கட்டினார்கள். டெல்டா-சிக்மா என்ற இரண்டாவது ரகத்தில் பெரிய பாத்திரமே கிடையாது. ஒரு சின்னக் கரண்டியால் வினாடிக்கு லட்சக்கணக்கான தடவை மொண்டு ஊற்றி, சராசரியில் கணக்கை நேர் செய்வது. இன்று உங்கள் செல்போனில் இருப்பது பெரும்பாலும் இந்த ரகம்தான்.

மாணவர் சொன்ன டெல்டா-சிக்மா பெட்டியை ஒன்பதாயிரம் கொடுத்து வாங்கினேன். போட்டோவில் நீங்கள் பார்த்தது அதைத்தான். ஒரு மாதத்தில் ஊருக்கு வந்த மருமகன், தன் ஆர்-டூ-ஆர் பெட்டியைக் கையோடு கொண்டுவந்து, "வச்சுக் கேளுங்க மாமா" என்று விட்டுவிட்டுப் போனான். அதன் விலையை அவன் சொல்லவில்லை. நானும் வீட்டில் கேட்கவிடவில்லை.

மாற்றி மாற்றிக் கேட்டேன். மருமகன் பெட்டியில் குரல் முன்னால் வந்து நின்றது. மிருதங்கத்தின் தொப்பி வயிற்றில் மோதியது. இதுதான் இசை என்று முடிவு கட்டி, துபாய்க்கு ஒரு பாராட்டுக் கடிதமே வாட்ஸ்அப்பில் எழுதிவிட்டேன். வீட்டுக்காரம்மாவும், "இது பரவாயில்ல" என்றார்.

தீபாவளி விடுமுறைக்கு அந்தப் பெங்களூர் மாணவர் வந்தார். பலகாரம் சாப்பிட்டு முடித்ததும் பையிலிருந்து மல்டிமீட்டரை எடுத்தார். 100 ஹெர்ட்ஸ் ஒலி ஒன்றை ஓடவிட்டு இரண்டு பெட்டியின் வெளியீட்டையும் அளந்தார். ஒன்று 2 வோல்ட், மருமகனுடையது 2.6 வோல்ட். அதாவது 2.3 டெசிபல் சத்தம் அதிகம். "சார், கொஞ்சம் சத்தமா இருக்கிறது எதுவும் காதுக்கு நல்லாத்தான் தோணும். நீங்கதான சார் ஊசல் சோதனையில ஒரு மாறியை மட்டும் மாத்தணும்னு சொல்லிக் கொடுத்தீங்க?" என்றார். இருபது அலைவு எண்ணாமல் பத்தொன்பதில் நிறுத்தியவர்களைப் பெஞ்சில் ஏற்றிய ஆள் நான். கடவாயில் முறுக்கை வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தேன்.

சத்தத்தைச் சமமாக்கி, இரண்டு பெட்டி மேலும் துண்டைப் போட்டு மூடி, காசைச் சுண்டி இவர் மாற்ற, எது எது என்று நாங்கள் சொல்ல வேண்டும். இருபது தடவை. நான் பதினொன்று சரியாகச் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலும் பத்து வரும். வீட்டுக்காரம்மா ஒன்பதோடு, "குழம்பு கொதிக்குது" என்று எழுந்துவிட்டார். பக்கத்தில் கோலிக்குண்டு உருட்டிக்கொண்டிருந்த பேத்தி, பன்னிரண்டு வயது, "நானும் சொல்லவா தாத்தா?" என்று உட்கார்ந்தாள்.

பதினாறு சரி.

குருட்டாம்போக்கில் இருபதுக்குப் பதினாறோ அதற்கு மேலோ வர, நூற்றுக்கு ஒன்றுகூட வாய்ப்பில்லை. "எப்படிடா கண்டுபிடிச்ச?" என்றேன். "அந்தப் பெட்டில ஜால்ரா சத்தம் மங்கலா இருக்கு தாத்தா. உங்களுக்குக் கேக்கலையா?"

மாணவர் சிரிக்கவில்லை. மருமகனின் பெட்டி, வடிகட்டியை வேண்டுமென்றே விட்டுவிட்ட ரகமாம். நான் போர்டில் வரைந்த படிக்கட்டு உண்மையிலேயே வெளியே வருவது இந்த மாதிரிப் பெட்டியில்தான். அதன் விளைவாக உச்ச ஒலிகள் தேய்ந்துவிடும். 10,000 ஹெர்ட்ஸில் நூற்றுக்கு எட்டுப் பங்கு, 20,000 பக்கம் போனால் முப்பது பங்கு குறையும். சிலருக்கு அந்தத் தேய்மானமே இதமாக இருக்கும், அதைத்தான் மியூசிக்கல் என்கிறார்கள். மருமகனுக்குப் பிடித்திருப்பது பொய்யில்லை. பேத்திக்கு அது குறையாகத் தெரிந்ததும் பொய்யில்லை. எனக்கு எதுவுமே தெரியவில்லை என்பதுதான் விஷயம். "சார், ஒருக்கா காதை டெஸ்ட் பண்ணிக்கிறீங்களா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

தேனியில் போய்ப் பார்த்தேன். கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, 'பீப்' கேட்டால் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். வெகுநேரம் ஒன்றும் வரவில்லையே, மெஷின் கெட்டுப்போச்சோ என்று நினைத்து வெளியே பார்த்தால், அந்தப் பெண் மும்முரமாகக் குறித்துக்கொண்டிருக்கிறார். வரைபடத்தில் 1,000 ஹெர்ட்ஸ் வரை ஓரளவு நேர்கோடு. அதற்குப் பிறகு, சாக்கலூத்து மெட்டிலிருந்து இறங்குகிற பாதை மாதிரி சரிவு. 4,000-ல் 60 டெசிபல் இழப்பு. "இது ஒரே நாள்ல வந்ததில்ல சார், பத்து வருஷமாவது ஆகியிருக்கும். ச, ஸ மாதிரி எழுத்தெல்லாம் சரியாக் கேட்டிருக்காது" என்றார்.

வீட்டில் நடந்த சண்டையின் காரணமும் அங்கேதான் இருந்தது. எனக்குக் கேட்க வேண்டும் என்று நான் வைத்த சத்தத்தில் ஆம்ப்ளிஃபயர் திணறியிருக்கிறது. நல்ல காதுள்ள ஒருத்தி பக்கத்தில் உட்கார்ந்து அதை அனுபவித்திருக்கிறாள். 'ம்ம்ம்' இரைச்சல் லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கியதும் நின்றுவிட்டது. மொசைக் தரையும் கண்ணாடி ஷோகேஸும் உள்ள அறையில் எதிரொலி வேறு. நாற்காலிக்குப் பின்னால் பழைய போடி இலவம்பஞ்சு மெத்தை ஒன்றைச் சாய்த்து வைத்தேன். அந்த மெத்தை செய்த மாற்றத்தில் பாதிகூட இரண்டு பெட்டிகளுக்கும் நடுவே இல்லை.

இப்போது காதில் மெஷின் போட்டிருக்கிறேன். அதற்குள்ளும் ஒலியை எண்ணாக்கி, திருத்தி, திரும்ப ஒலியாக்குகிற வேலைதான் நடக்கிறது. பேச்சுக்கென்று செய்தது அது. முதல் நாள் 'நத்திங் பட் விண்ட்' போட்டேன். ஹரிபிரசாத் சௌராசியாவின் குழல் நீண்டு நிற்கிற இடமெல்லாம் நடுங்கியது. நீளமான ஒற்றை ஸ்வரத்தை, தன்னுடைய விசில் சத்தம் என்று நினைத்து அந்த மெஷின் அமுக்கப் பார்க்கிறதாம். மறுபடி தேனிக்குப் போய், இசைக்கென்று தனி செட்டிங் போட்டு வாங்கி வந்தேன். காது மெஷின் போட்டிருக்கும் சொந்தக்காரர்கள் கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் நாமாகக் கேட்டால்தான் போட்டுத் தருகிறார்கள்.

தேனியிலிருந்து திரும்பும்போது பஸ்ஸில் 'பத்து வருஷம்' என்ற கணக்கு மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. நான் ஓய்வுபெற்றது 2018. 

2016-ல் பிளஸ் ஒன், இரண்டாவது வரிசை ஜன்னல் ஓரம் ஒரு பிள்ளை. மலையில் ஏலத்தோட்டத்து வேலைக்கு விடியுமுன் ஜீப்பில் போய்வருகிற குடும்பம். "உந்தம் மாறும் வீதம் என்ன?" என்று கேட்டேன். எழுந்து பதில் சொன்னது. எனக்கு 'விடை' என்று கேட்டது. "விடையைத்தாம்மா நானும் கேட்கிறேன்" என்றேன். வகுப்பே சிரித்தது. மறுபடி சொன்னது. மறுபடியும் 'விடை'. "வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்க? உட்காரு" என்றேன். அந்தப் பிள்ளை சொன்னது 'விசை'. இரண்டு தடவையும் சரியான பதில். அதன் பிறகு அந்த வருடம் முழுக்க அது கை தூக்கவில்லை. பயந்த சுபாவம் என்று நினைத்துக்கொண்டேன்.

பேர் போடவில்லை, படிக்கும்போது உனக்குத் தெரியும். தப்பு என்னுடையது அம்மா. உன் வகுப்பில் படித்தவர்கள் யாராவது இதைப் பார்த்தால் அந்தப் பிள்ளைக்கு அனுப்பிவிடுங்கள். அன்றைக்குச் சிரித்தவர்களும் சேர்ந்து அனுப்பினால் நல்லது.

மருமகன் பெட்டியை அடுத்து ஊருக்கு வரும்போது எடுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். "வேண்டாம் மாமா, இருக்கட்டும்" என்கிறான். பேத்தி அதன்மேல் பொம்மையை உட்கார வைத்திருக்கிறாள். தேவாரம் பக்கம் வருகிறவர்கள் வீட்டுக்கு வாருங்கள், பாட்டுக் கேட்கலாம். வந்தால் என் வலது பக்கமாக உட்காருங்கள், அந்தக் காதுதான் கொஞ்சம் தேவலை.