இரண்டு மார்க் கேள்வி

"தண்ணீரில் கரைத்த பொட்டாஷ் என்றால் ஆல்கஹால். சாராயத்தில் கரைத்த பொட்டாஷ் என்றால் எத்திலீன். மறந்தால் இரண்டு மார்க் போச்சு!"

பி.யு.சி.யில் எங்கள் ரசாயன வாத்தியார் எத்தில் புரோமைடை இப்படித்தான் முடித்து வைத்தார். ஏன் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. (எத்தில் புரோமைடுக்குச் சாராயத்திலும் ஈதர்தான் அதிகம் வருமாம். வெகு நாள் கழித்துத் தெரிந்தது. வாத்தியார் என்ன செய்வார், புத்தகத்தில் அப்படி இருந்தது!)

அந்நாளில் திருத்துறைப்பூண்டி ஸ்டேஷனில் அகஸ்தியம்பள்ளி வண்டி ஏறியவர்களுக்கு விஷயம் சுலபமாகப் புரியும். ஒருவர் எழுந்த இடத்தில் இன்னொருவர் உட்கார்ந்தால் அது பதிலீடு. நெரிசலில் பெஞ்சை நெருங்க முடியாதவர், பக்கத்துப் பெஞ்சின் ஓரத்திலிருக்கும் பொடியனைப் பிடித்து இழுக்க, இந்தப் பெஞ்சின் பெரியவரும் எழுந்து போய்விட்டால் அது நீக்கம். பொடியன் ஹைட்ரஜன், பெரியவர் குளோரின். நெரிசலும் சூடும் கூடினால் நீக்கந்தான் ஜெயிக்கும். சாராயத்தில் காரத்துக்குப் பிடுங்கும் குணமும் அதிகம்.

எங்கள் வயலில் கதிர் பால் பிடிக்கும்போது கதிர்நாவாய்ப் பூச்சிக்கு அப்பா பி.எச்.சி. தூள் தூவுவார். மெல்லிய துணியில் முடிந்து கொடுப்பது அம்மா. ஆறு கார்பன் வளையம், ஒவ்வொன்றிலும் ஒரு குளோரின், ஒரு ஹைட்ரஜன். குளோரின்கள் மேலும் கீழுமாக நிற்கும் விதத்தில் அதில் பல ரகம் உண்டு. பூச்சியைக் கொல்வது முக்கியமாக காமா. காரம் பட்டால் அது மூன்று ஜோடி ஹைட்ரஜனையும் குளோரினையும் இழந்து டிரைகுளோரோபென்சீனாகிவிடும். ஆனால் இழுக்கப்படும் ஹைட்ரஜனும் அடுத்த கார்பனின் குளோரினும் எதிரெதிர்ப் பக்கத்தில் இருக்க வேண்டும். பீட்டா என்ற ரகத்தில் குளோரின்கள் ஒன்று மேலே, அடுத்தது கீழே என்று மாறி மாறி நிற்பதால், அப்படி ஒரு ஜோடிகூட இல்லை. 1947-ல் கிறிஸ்டல் என்ற அமெரிக்கர் அளந்து பார்த்தார். மற்றவற்றைவிடப் பல ஆயிரம் மடங்கு மெதுவாகத்தான் அது மசிந்தது. மண்ணிலும் கொழுப்பிலும் தாய்ப்பாலிலும் நெடுநாள் தங்குவதும் அந்தப் பீட்டாதான். இந்தியாவில் பி.எச்.சி.க்குத் தடை வந்தது 1997-ல்.

இதைப் படித்த அன்று அம்மாவிடம் கேட்டேன், தூள் பட்ட கையை எதில் கழுவுவாய் என்று.

"கொளத்து மண்ணுதான். எவ்வளவு தேய்ச்சாலும் அந்த நாத்தம் போவாது."

"தங்கச்சி அப்ப கைக்குழந்தை இல்லையாம்மா? பால் குடுத்தியா?"

"குடுக்காம? கரையேறுறதுக்குள்ள அழுவாளே!"