கதவில் காது வைப்பவர்

ஆகஸ்ட் 20, 2012, திங்கள்

ஹரி ராயா பெருநாளின் இரண்டாம் நாள். லெபோ பசாரில் பாதிக் கடைகள் அடைப்பு. சீடி கடைகளின் பாட்டும் இல்லை. தெரு அடங்கிக் கிடந்ததால் சைக்கிள் செயின் சத்தம் மாடிவரைக்கும் கேட்டது. ராத்திரி மணி பத்தரை. அவர்தான்.

எங்கள் வீட்டுக்கு நேர் எதிரே உள்ள கடைவீட்டில் யாரும் குடியில்லை. வாசலைச் செங்கல் வைத்து அடைத்து, ஓரத்தில் ஓர் இரும்புக் கதவு மட்டும் விட்டிருக்கிறார்கள். மாடி ஜன்னல்களுக்கு உள்பக்கமாகப் பலகை அடித்தாயிற்று. கூரைக்குக் கீழே சதுரமாக ஒரு திறப்பு. குருவி வீடு. விடிந்ததிலிருந்து இருட்டும்வரை அந்தத் திறப்பில் பொருத்திய ஸ்பீக்கரில் பதிவு செய்த குருவிச் சத்தம் கீச்கீச்சென்று ஓடிக்கொண்டே இருக்கும். அந்தக் குரலை நம்பி உழவாரன் குருவிகள் உள்ளே வந்து, எச்சிலால் கூடு கட்டும். சாப்பிட உதவும் அந்தக் கூட்டை எடுத்து விற்பார்கள். பினாங்கு ஜார்ஜ் டவுன்காரர்களுக்கு இதெல்லாம் பழகிப்போன சங்கதி.

பழகாதது இந்த மனிதர் செய்வது. கையில் மூடி போட்ட வாளி, தோளில் ஒரு பழைய சட்டை. சைக்கிளைத் தூணில் சாய்த்துவிட்டு நேரே போய் இரும்புக் கதவில் இடது காதை ஒட்டி வைத்துக்கொண்டு நிற்கிறார். அசைவதேயில்லை. பிறகு போட்டிருக்கும் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டி, பழையதை அணிந்து, பூட்டுகளைத் திறந்து உள்ளே போகிறார். உள்ளே விளக்கு எரிவதில்லை. அரை மணி கழித்து வந்து, வாளியைக் கழுவி, சட்டையை மாற்றி, அஞ்சடி நடைபாதையில் பலகை போட்டு உட்கார்ந்துவிடுகிறார். நடுவில் எழுந்து மறுபடியும் கதவில் காது. நான் படுக்கும்போது இருக்கிறார். விடிந்தால் இல்லை.

ஸ்பீக்கருக்குத் தானியங்கி சுவிட்ச் உண்டு. கூடு எடுப்பது வருடத்தில் சில தடவைதான், அதுவும் குருவிகள் இரைதேடப் போயிருக்கும் பகலில். அப்படியிருக்க, ராத்திரி ராத்திரி ஓர் ஆளுக்கு அங்கே என்ன வேலை?

ஆகஸ்ட் 24, வெள்ளி

மாரியம்மன் கோயிலுக்குப் போகும் வழியில் பூக்கார அக்காவிடம் கேட்டேன். அவருக்குச் சந்தேகமே இல்லை. “நம்பர் கேக்குறாரும்மா. சீனவங்களுக்கு ஏழாம் மாசம் பொறந்துருச்சுல்ல, பேயெல்லாம் எறங்கி வர்ற மாசம். காது வெச்சா நாலு நம்பர் சொல்லும்.” இந்த ஊரில் இது ஒன்றும் விசித்திரமான பேச்சு இல்லை. மரத்தடி, மயானம், கார் மோதிய இடம் எல்லாவற்றிடமும் லாட்டரி நம்பர் கேட்டுப் போகிறவர்கள் உண்டு. ஆனால் அவர் இந்த மாதம்தான் வருகிறார் என்றில்லை. முந்தைய மாதங்களிலும் பார்த்திருக்கிறேன்.

நாசி கண்டார் கடைத் தம்பி, கள்ளச் சிகரெட்டாக இருக்கும் என்கிறான். துறைமுகம் இரண்டு தெரு தள்ளி இருப்பதால் அவனுக்கு எல்லாமே கள்ளச் சிகரெட்தான்.

குருவி வீட்டை ஒட்டி வசிக்கும் சீனப் பாட்டிக்கு அந்த ஆளைப் பற்றி அக்கறையே இல்லை. அவர் கவலை சுவர். கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போய்க் காட்டினார். பொதுச்சுவர் ஆளுயரத்துக்கு ஈரம் கோத்து, சுண்ணாம்பு பொரிந்து உதிர்கிறது. குருவிக்குக் குகைபோல ஈரமும் இருட்டும் வேண்டும். அதற்காக உள்ளே தண்ணீர் தேக்கி வைக்கிறார்கள். அந்தச் சுவரில் மாட்டியிருந்த கணவர் படத்தைப் பாட்டி இப்போது நாற்காலியில் வைத்திருக்கிறார்.

ஆகஸ்ட் 31, வெள்ளி

மெர்டேக்கா சுதந்திர நாளும் ஏழாம் மாதப் பௌர்ணமியும் ஒரே நாளில் வந்திருக்கின்றன. ஜன்னல்களில் கொடி, தெருவோரத்தில் ஊதுபத்தி, ஆரஞ்சு, சோறு, எரியும் காகிதப் பணம். சந்து முழுக்கப் புகை.

அவர் இன்று இருட்டுவதற்கு முன்பே வந்துவிட்டார். ஒரு குடும்பம் குருவி வீட்டு வாசலுக்கு நேரே தகரப் பீப்பாயில் காகிதம் எரிக்கத் தொடங்கியது. அவர் எழுந்து போய், இரண்டு கையையும் குவித்து அவர்களிடம் ஏதோ சொன்னார். ஹொக்கியன் மொழியில் பேசினார், எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. அவர்கள் சிரித்துத் தலையாட்டினார்கள். பீப்பாயின் ஒரு காதை அவரும் பிடித்து, காற்றுப்போக்குப் பார்த்து, சந்து முனைக்கு நகர்த்தினார்கள். திரும்பி வந்து கூரைத் திறப்பை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். கருப்புப் பொட்டுகளாகக் குருவிகள் சுழன்று சுழன்று உள்ளே பாய்ந்துகொண்டிருந்தன. கடைசிக் குருவியும் போன பிறகே உட்கார்ந்தார்.

நம்பர் கேட்கிறவரும் கடத்தல்காரரும் செய்கிற வேலை இல்லை இது.

செப்டம்பர் 3, திங்கள்

ஒரு மனிதர் ராத்திரியில் என்ன செய்கிறார் என்று எனக்கு ஏன் தெரியவில்லை? என் சிறுவயதில் இந்தச் சந்தில் யார் எத்தனை மணிக்கு இருமுவார் என்பதுவரை எல்லோருக்கும் தெரியும். கீழே கடை, மாடியில் மூன்று குடும்பம், அஞ்சடியில் கயிற்றுக் கட்டிலில் ஜாகா என்கிற காவல்காரர். வாடகை குறைவு. 1948 ஜனவரிக்குள் கட்டிய கட்டடங்களுக்கு வாடகையை ஏற்றமுடியாதபடி சட்டம் இருந்தது. 1966ஆம் ஆண்டின் அந்த வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை 1997இல் நீக்கினார்கள். 1999 டிசம்பரோடு அவகாசமும் முடிந்தது. 2000 பிறந்ததும் வாடகை துள்ளியது. தையல்காரர், மாவு மில்காரர், அச்சாபீஸ்காரர் என்று ஒவ்வொரு வீடாக மூட்டை கட்டினார்கள். பிள்ளைகளோடு ஆயர் ஈத்தாம் அடுக்குமாடிக்குப் போனவர்கள் உண்டு, கடல் தாண்டி பட்டர்வொர்த் போனவர்களும் உண்டு. காலியான வீட்டில் ஆள் வைத்தால் கிடைக்கும் வாடகையைவிடக் குருவி வைத்தால் கிடைக்கும் பணம் அதிகம் என்று சொந்தக்காரர்கள் கணக்குப் போட்டார்கள். கூடு அப்போது கிலோ ஆயிரக்கணக்கான ரிங்கிட்.

2008 ஜூலையில் ஜார்ஜ் டவுனை மலாக்காவோடு சேர்த்து யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏற்றியது. வெறும் கட்டடங்களுக்காகக் கொடுத்த பட்டம் இல்லை அது. கோயிலும் பள்ளிவாசலும் சீனக் குலமன்றமான கோங்சியும் அருகருகே இன்னும் உயிரோடு இருக்கிற வாழ்க்கைக்காகக் கொடுத்தது. அந்த வாழ்க்கையை நடத்தியவர்கள் அதற்கு முன்பே போக ஆரம்பித்துவிட்டார்கள். எனக்கு இதில் ஆறாத வருத்தம் உண்டு. குருவியின்மேல் கோபம் இல்லை.

செப்டம்பர் 9, ஞாயிறு

பேசிவிட்டேன். ஒரு பிளாஸ்கில் தேநீர் எடுத்துக்கொண்டு இறங்கிப்போய், “அண்ணே, குடிங்க” என்று தமிழிலேயே நீட்டினேன். தமிழராகத்தான் இருப்பார் என்று எப்படியோ தோன்றியது.

“உக்காருங்க தங்கச்சி. மேல ஜன்னல்ல நிக்கிறது நீங்கதானே? தெனம் பாக்குறேன்.”

அறுபத்தாறு வயது. பதினெட்டில் அப்பாவோடு தொங்கான் என்ற சரக்குப் படகில் ஏறி, நடுக்கடலில் நிற்கும் கப்பலிலிருந்து மூட்டை இறக்கியவர். 1969இல் பினாங்குக்குச் சுங்கவரியில்லாத் துறைமுகம் என்ற சலுகை போனது. சரக்குக் கப்பல்கள் எதிர்க்கரையில் பட்டர்வொர்த்தின் ஆழ்துறைக்கு மாறின. தொங்கான் வேலை தேய்ந்தது. பிறகு கிட்டங்கிகளுக்கு ஜாகா. கிட்டங்கிகளும் போன பிறகு இது. “மூட்டைக்கு ஜாகா பாத்தேன். இப்ப குருவிக்கு.”

காது வைப்பது எதற்கு என்று கேட்டேன்.

“உள்ள ஸ்பீக்கர் ராப்பகலா ஓடும். அது ஒரே மாதிரி சுத்திச் சுத்தி வரும், அத விட்ருங்க. குருவி ஒக்காந்து தூங்குனா கொஞ்சம் முனகும், அவ்வளவுதான். இருட்டுல பறந்தா டிக்டிக்குனு சத்தம் போட்டு வழி பாக்கும். ராத்திரி பத்து மணிக்கு டிக்டிக்குனு நெறைய கேட்டா, உள்ள எதுவோ பூந்துருச்சுனு அர்த்தம். ஆந்தையா இருக்கும், கெக்கோப் பல்லியா இருக்கும், எலி. இல்லேன்னா மனுசன்.”

ஆந்தை ஒரு தடவை ருசி கண்டால் மறுபடி மறுபடி வருமாம். பயந்த குருவிகள் கூட்டமாக வேறு வீடு பார்த்துக்கொள்ளுமாம். கூடு திருடர்கள் ஆந்தையைவிட மோசம். முட்டையையும் குஞ்சையும் தரையில் கொட்டிவிட்டுக் கூட்டைச் சுரண்டிக்கொண்டு போவார்கள். சட்டை மாற்றுவது சோப்பு வாசனை உள்ளே போகக்கூடாது என்பதற்காக. வாளியில் இருப்பது ஊறவைத்த குருவி எச்சம். சுவரிலும் தரையிலும் தெளித்தால் பழைய குகை என்று நம்பிப் புதுக் குருவிகள் தங்கும். பகலில் தெளித்தால் நாற்றத்துக்குத் தெருவே புகார் செய்யும், அதனால்தான் ராத்திரி. சீனப் பாட்டியின் சுவரைச் சொன்னேன். தெரியும் என்றார். அந்தப் பக்கத் தொட்டியை இரண்டு தடவை வற்றவிட்டு, முதலாளியிடம் திட்டு வாங்கியிருக்கிறார்.

உள்ளே கூப்பிட்டார். இரண்டாவது கதவுவரைதான். டார்ச்சுக்குச் சிவப்புக் கண்ணாடிக் காகிதம் கட்டியிருந்தார். வெந்நீர் ஆவி அடிப்பதுபோல் ஒரு புழுக்கம், கண்ணைக் கரிக்கும் நெடி. தலைக்கு மேலே உத்தரத்துக்கு உத்தரம் பலகை அடித்து, அதன் விளிம்பில் வரிசையாகக் கூடுகள். உள்ளங்கையில் அடங்கும் பாதிக் கிண்ணம் ஒவ்வொன்றும். வெளிச்சம் பட்ட இடத்தில் நூல் நூலாகக் காய்ந்த எச்சில் மினுங்கியது. ஒரு கூட்டின் விளிம்பைப் பற்றிக்கொண்டு ஒரு குருவி தொங்கியது. இந்த இனத்துக்குக் கிளையில் உட்காரும் கால் இல்லை. தொற்றிக்கொள்ள மட்டுமே முடியும். எங்கள் சலனத்தில் இரண்டு மூன்று பறந்தன. காதோரத்தில் விரலைச் சொடுக்குவதுபோல் டிக்டிக், டிக்டிக். ஒன்றுகூட எங்கள்மேல் மோதவில்லை.

செப்டம்பர் 16, ஞாயிறு

மலேசியா நாள் விடுமுறை. பழைய பத்திரிகைக் கத்தரிப்புகளைக் குடைந்து எடுத்து, கோயம்புத்தூர் சலீம் அலி பறவையியல் மையத்தின் ரவி சங்கரனைப் பற்றி மறுபடி படித்தேன். இதே குருவிக்காக அந்தமான் நிகோபாரில் குகை குகையாக ஏறி எண்ணியவர். கூடு திருட்டால் பத்தாண்டுக்குள் எண்பது விழுக்காட்டுக்கு மேல் அழிந்துவிட்டது என்று கண்டார். காவலுக்கு அவர் தேடிப்பிடித்தது யாரை? கூடு எடுத்துப் பிழைத்தவர்களையே. எந்தப் பிளவில் குருவி இருக்கும், திருடன் எப்போது வருவான் என்பது அவர்களுக்குத்தானே தெரியும். இனப்பெருக்கக் காலம் முழுக்க அவர்கள் குகை வாயிலில் தங்கிக் காவல் காத்தார்கள். குகைகளில் எண்ணிக்கை மீண்டது. குஞ்சு பறந்துபோன பிறகு கூட்டை எடுத்தால் குருவியும் வாழும், எடுப்பவரும் வாழ்வார் என்பது அவர் வாதம். 2009 ஜனவரியில் காலமானார். நாற்பத்தைந்து வயதைத்தான் தாண்டியிருந்தார். எதிர்வீட்டு அண்ணனை அவர் பார்த்திருந்தால் உடனே நோட்டை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பார் என்று நினைக்கிறேன்.

செப்டம்பர் 22, சனி

குருவிக்கூட்டுத் தொழில் மீண்டும் நிமிரும் என்று பத்திரிகையில் செய்தி. போன வருடம் நைட்ரைட் அதிகம் என்று சீனா மலேசியக் கூட்டைத் தடுத்ததில் விலை பாதிக்கும் கீழே விழுந்தது. இந்த மாதம் இரு நாடுகளும் ஒப்பந்தம் போட்டிருக்கின்றன. ஆனால் எங்கள் சந்துக்கு அதனால் மாற்றம் வரப்போவதில்லை. பாரம்பரிய வட்டாரத்தில் உள்ள குருவி வீடுகள் எல்லாம் 2013 டிசம்பருக்குள் வெளியேறவேண்டும் என்று மாநில அரசு சொல்லிவிட்டது.

வெளியேறத்தான் வேண்டும். செங்கல் அடைத்த வீடு வீடு இல்லை. பாட்டியின் சுவர் இன்னும் இரண்டு மழைக்காலம் தாங்காது. ஆனால் குருவி போனால் யார் வருவார்கள் என்று அண்ணனைக் கேட்டேன்.

“ஓட்டல் வைக்கிறவங்க வந்து அளந்துட்டுப் போயிட்டாங்க தங்கச்சி.”

பக்கத்துத் தெருவில் மூன்று வீட்டை ஒன்றாக இடித்துச் சேர்த்துத் திறந்திருக்கிறார்களே, அதுபோல. ராத்திரிக்கு ஒரு புதுமுகம் வந்து படுத்துவிட்டுப் போகும். குருவியாவது வருடம் முழுக்க அதே இடத்துக்குத் திரும்பி வந்தது.

ஜார்ஜ் டவுன் உலகப் பாரம்பரிய அலுவலகத்துக்கு மலாயில் ஒரு கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன். திங்க் சிட்டி என்ற அமைப்பு 2009இலிருந்து பழைய கடைவீடுகளைப் பழுதுபார்க்க மானியம் தருகிறது. குருவி போகிற வீடுகளுக்கும் அப்படிக் கொடுங்கள், மாடியில் ஒரு குடும்பமாவது நியாயமான வாடகைக்குக் குடியிருக்கவேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுங்கள் என்று கேட்டிருக்கிறேன். பாட்டி கையெழுத்துப் போடுவார். பூக்கார அக்காவும் போடுவார்.

அண்ணனுக்குப் படித்துக் காட்டினேன். கடைசிவரை கேட்டுவிட்டு, ஒன்று விட்டுப்போச்சு என்றார். “தேதி போட்டு அடைக்கச் சொல்லாதீங்க. அன்னைக்கு உள்ள குஞ்சு இருந்தா? முட்டை வெச்சதுலேர்ந்து பறக்க ரெண்டு மாசத்துக்கு மேல ஆகும். மொதல்ல சத்தத்த நிறுத்தச் சொல்லுங்க, புதுசு வராது. இருக்குற குஞ்சு பறந்தப்புறம் ஓட்டைய அடைக்கட்டும். எப்ப காலியாச்சுன்னு நான் கேட்டுச் சொல்றேன்.”

அதை இரண்டாவது கோரிக்கையாகச் சேர்த்தேன். அவர் பெயரையும் போடலாமா என்று கேட்டதற்கு, முதலாளியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் திங்கட்கிழமை பதில் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.