கரிசல் மண்ணும் கணக்குப் பிள்ளைகளும்

634! தோழர்களே, இது ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் தொகையன்று. ஒரு தீப்பெட்டித் தொழிற்சாலையின் ஆள்கணக்குமன்று. 1996ஆம் ஆண்டு விளாத்திகுளம் சட்டமன்றத் தொகுதியில் வென்றவருக்கும் தோற்றவருக்கும் இடையே நின்ற வாக்குகள் அவ்வளவே. வென்றவர் தி.மு.கழகத்தின் ரவிசங்கர். தோற்றவர், இரண்டாண்டுக்கு முன்பு தனிக்கட்சி கண்டு, தம் கட்சியின் முதல் பொதுத் தேர்தலை எதிர்கொண்ட வைகோ.

இருபது ஆண்டு கழித்து, 2016இல், பக்கத்துத் தொகுதியாம் கோவில்பட்டியில் 428 வாக்கு வேறுபாட்டில் கடம்பூர் ராஜு வென்றார். அதே நாளில் மறுபக்கத்து ஒட்டப்பிடாரத்தில் டாக்டர் கிருஷ்ணசாமி 493 வாக்கில் தோற்றார். மூன்று தொகுதிகளும் ஒன்றையொன்று ஒட்டிக் கிடப்பவை; மூன்றும் கரிசல் மண். கம்பும் சோளமும் பருத்தியும் மிளகாயும் விளைய, வானம் பார்த்துக் கிடக்கும் மண். நான் பிறந்த குளத்தூர் அந்த விளாத்திகுளம் வட்டத்தைச் சேர்ந்தது.

கணக்கிட்டுப் பாருங்கள். 634 என்ற வேறுபாட்டைத் தலைகீழாக்க 318 பேர் மாற்றி முத்திரை குத்தினால் போதும். 493க்கு 247 பேர்; 428க்கு 215 பேர். ஒரு திருமண வீட்டுப் பந்தலில் அடங்கும் கூட்டம்! அவ்வளவு சிறு கூட்டத்தின் கையில் ஒரு தொகுதியின் ஐந்தாண்டுகள் இருந்திருக்கின்றன. இருந்தும், தேர்தல் வந்ததும் எங்கள் ஊர்த் தேநீர்க் கடைப் பலகையில் அமர்ந்து கணக்குப் பார்க்கும் பெரியவர்களைக் கேளுங்கள். அவர்கள் ஆட்களை எண்ண மாட்டார்கள், சாதிகளை எண்ணுவார்கள். "அவுக இத்தனை ஆயிரம், இவுக இத்தனை ஆயிரம், கீழூரு நமக்கு, மேலூரு அவனுக்கு." கூட்டிக் கழித்து முடிவும் சொல்லிவிடுவார்கள், பெட்டி திறக்கும் முன்பே! சோதிடனாவது பிறந்த நேரம் கேட்பான். இந்தக் கணக்குப் பிள்ளைகளுக்குப் பிறந்த வீடு தெரிந்தால் போதும்.

பகுத்தறிவாளர் என்று நம்மைச் சொல்லிக்கொள்ளுகிறோமே, இந்தக் கணக்கைச் சற்று உரைத்துப் பார்ப்போமா?

கோவில்பட்டியை எடுத்துக்கொள்வோம். 1967ஆம் ஆண்டு, நாடே கழகத்தின் பக்கம் சாய்ந்த தேர்தல். இந்தியக் கம்யூனிஸ்டுக் கட்சி அந்தக் கூட்டணியில் இல்லை. மாநிலம் முழுவதும் அதற்குக் கிட்டியவை இரண்டே இடங்கள். அவ்விரண்டில் ஒன்று கோவில்பட்டி! சோ. அழகர்சாமி வென்றார். 1971, 1977, 1980 என்று தொடர்ந்து வென்றார். 1971இல் அவர் கட்சி கழகத்தோடு நின்றது. 1977இல் இந்திரா காங்கிரசோடு. 1980இல் அண்ணா தி.மு.க.வோடு. தோழமை மாறியது, கொடிகள் மாறின, ஆள் மாறவில்லை. 1984இல் தொகுதி காங்கிரசின் ரங்கசாமியிடம் போயிற்று. 1989இல் அழகர்சாமியே மீண்டும் வந்தார். 1991இல் அண்ணா தி.மு.க.வின் ஆர். சியாமளா. 1996இல் கம்யூனிஸ்டுக் கட்சியின் அய்யலுசாமி. 2001இல் அதே கட்சியின் ராஜேந்திரன். 2006இல் மீண்டும் அண்ணா தி.மு.க.

1984, 1989, 1991, 1996 — பன்னிரண்டே ஆண்டில் நான்கு தேர்தல், நான்கு முறையும் தொகுதி கைமாறியது. இந்தப் பன்னிரண்டு ஆண்டில் கோவில்பட்டி வட்டாரத்துச் சாதிகளின் தொகை நான்கு முறை ஏறி இறங்கிற்றா? ஒரு சாதியார் ஊரைக் காலி செய்து ஓடி, மறு தேர்தலுக்குத் திரும்பி வந்தனரா? இல்லையே! அதே தெரு, அதே குடும்பம், அதே மக்கள். தொகை மாறாதபோது முடிவு மாறுகிறதென்றால், முடிவுக்குக் காரணம் அந்தத் தொகை மட்டுமன்று என்பது பள்ளிப் பிள்ளைக்கும் விளங்கும் வாதம். நிலத்தில் உழுபவனுக்காகவும் தீப்பெட்டி ஆலைத் தொழிலாளிக்காகவும் தெருவில் நின்றவர்களை மக்கள் நினைவில் வைத்திருந்தார்கள். ஆட்சி மீது சினம் வந்தபோது வேறு பக்கம் திரும்பினார்கள். எண்ணித்தான் வாக்களித்தார்கள்.

அந்த வாக்கு எளிதில் வந்ததா? வெள்ளையர் காலத்தில் சொத்துள்ளவனுக்கும் வரி கட்டியவனுக்குமே வாக்கு. எட்டயபுரம் ஜமீன் நிலத்தில் பாடுபட்ட ஏழைக்கு இல்லை. 1921இல், நீதிக்கட்சி ஆண்ட சென்னை மாகாணத்தில், பெண்களுக்கு வாக்குரிமை வந்தது. இந்திய மாகாணங்களுள் அதுவே முதல். ஆயினும் சொத்து என்ற வேலி இருந்ததால் கரிசல் காட்டில் களையெடுத்த பெண்ணுக்கு அது எட்டாக் கனி. 1952 தேர்தலில்தான், வயது வந்தோர் அனைவருக்கும் வாக்கு என்ற நெறிப்படி, அவளும் வரிசையில் நின்றாள்.

நின்றாள், சரி. தன் வாக்கைத் தானே போட்டாளா?

1996 தேர்தலுக்கு முந்திய இரவு எங்கள் ஊரில் கோயில் முன்பு கூட்டம் கூடிற்று. ஆண்கள் மட்டும், அதிலும் 'ஊர்' என்று தம்மைச் சொல்லிக்கொள்வோர் மட்டும். சேரி மக்களை அழைக்கவில்லை. பெண்களை அழைக்கும் எண்ணமே எழவில்லை. இன்னாருக்கே வாக்கு என்று முடிவாயிற்று. தட்டில் சூடம் கொளுத்தி, வீட்டுக்கு ஓர் ஆண் அதனைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்தார். என் அத்தையின் கணவரும் செய்தார். நான் கறுப்புச் சட்டையோடு ஓரமாய் நின்று பார்த்தேன். "படிச்ச பய, பேசாம இரு" என்றார்கள்.

மறுநாள் அத்தை வாக்களித்துவிட்டுத் திரும்பியபோது, "சத்தியப்படி போட்டாயிற்றா அத்தை?" என்று கேலியாகக் கேட்டேன். அத்தை எழுதப் படிக்கத் தெரியாதவர், சாமி கும்பிடுகிறவர். நின்று, என்னை ஏற இறங்கப் பார்த்துச் சொன்னார்: "சூடத்த அணைச்சது ஒங்க மாமா. அவுக ஓட்டுக்கு அது சரி. நான் எங்க அணைச்சேன் மருமவனே?"

தோழர்களே, நான் ஏட்டில் படித்த வாதங்கள் பல. இத்தனை சுருக்கமான ஒன்றை நான் கேட்டதில்லை. யாருக்குப் போட்டீர்கள் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அந்த 634இல் அவர் எந்தப் பக்கம் என்பது எனக்குத் தெரியாது. அந்தப் பக்கத்தைத் தேர்ந்தது சூடமன்று என்பது மட்டும் தெரியும்.

அப்படியானால் சாதி எங்கே வேலை செய்கிறது? வாக்காளர் சாவடிக்கு வருவதற்கு முன்பே அது தன் வேலையை முடித்துவிடுகிறது. கட்சி அலுவலகத்தில், வேட்பாளர் பட்டியல் தீட்டும் மேசையில்! இந்தத் தொகுதிக்கு இந்தச் சாதி, அந்தத் தொகுதிக்கு அந்தச் சாதி என்று கணக்குப் பிள்ளைகள் முன்னரே எழுதிவிடுகிறார்கள். எதிர்க்கட்சியும் அதே கணக்கைப் போடுகிறது. இரண்டு பக்கமும் ஒரே வீட்டுப் பிள்ளைகளை நிறுத்திவிட்டு, "பார்த்தீர்களா, மக்கள் சாதிக்கே வாக்களித்தார்கள்" என்று மக்கள் மீது பழி! பெரியாரின் பெயரையும் அண்ணாவின் பெயரையும் மேடையில் முழங்கும் கட்சிகள் இதற்கு விலக்கா? விலக்கு என்று என்னால் எழுத இயலவில்லை.

மக்கள் இதைவிட மேலானவர்கள் என்பதற்கு ஒரு சான்று போதும். 1991இல் கோவில்பட்டி சியாமளாவைத் தேர்ந்த அதே தேர்தலில் விளாத்திகுளம் என்.சி. கனகவல்லியைத் தேர்ந்தது. மீசை முறுக்கும் கரிசல் சீமை, அடுத்தடுத்த இரு தொகுதிகளில் பெண்களைச் சட்டமன்றத்துக்கு அனுப்பிற்று. ஒரு கட்சி பட்டியலில் பெயரை எழுதிற்று, மக்கள் வாக்களித்தார்கள். எழுதியிராவிட்டால், "இந்தப் பக்கம் பொம்பளைக்கு எவன் ஓட்டுப் போடுவான்" என்ற பழமொழி இன்றும் உலவும்.

அச்சம் எவ்வளவு ஆழமாய் வேரோடியிருக்கிறது என்பதை 2016 காட்டிற்று. கோவில்பட்டியில் போட்டியிடுவதாய் அறிவித்த வைகோ, வேட்பு மனுத் தாக்கல் நேரத்தில் விலகிக்கொண்டார்; தம்மை முன்னிட்டுச் சாதிக் கலவரம் மூட்டப்படும் என்ற அச்சத்தையே காரணமாய்ச் சொன்னார். அது சரியான முடிவா என்று வாதாடுவோர் வாதாடட்டும். 1995இல் கொடியன்குளத்தையும், 1997இல் ஒரு போக்குவரத்துக் கழகத்துக்குச் சுந்தரலிங்கம் பெயரிட்டதற்காகத் தென்மாவட்டங்கள் எரிந்ததையும் கண்ட எங்களுக்கு, அந்த அச்சம் கற்பனையென்று சொல்ல நா எழவில்லை. அந்தத் தீயை அணைக்க, தலைவர்கள் பெயரையெல்லாம் மாவட்டங்களிலிருந்தே நீக்க வேண்டியதாயிற்று. எங்கள் மாவட்டமும் சிதம்பரனார் பெயரை இழந்தது. செக்கிழுத்தவர் பெயரைச் சாதிச் சண்டை தின்றது!

இத்தனை பாடுபட்டுச் சாதி பார்த்துத் தேர்ந்தெடுத்தவர் ஊருக்கு உதவினாரா என்றால், அதையும் கேளுங்கள். 2016இல் விளாத்திகுளத்தில் உமா மகேசுவரி, ஒட்டப்பிடாரத்தில் சுந்தரராஜ், இருவரும் அண்ணா தி.மு.க. 18-9-2017 அன்று தகுதி நீக்கப்பட்ட 18 உறுப்பினர்களுள் இவ்விருவரும் அடக்கம். சென்னையில் நடந்த தலைமைச் சண்டை, நீதிமன்றத்து வழக்கு. இடைத்தேர்தல் முடிவு வெளிவந்ததோ 23-5-2019இல். இருபது மாதம் இரு தொகுதிகளுக்கும் சட்டமன்றத்தில் குரலில்லை. அந்த இடைவெளியில்தான் 22-5-2018 வந்தது. தூத்துக்குடியில் ஆலைக்கு எதிராய்த் திரண்ட மக்கள் மீது போலீசு சுட்டு 13 பேர் மாண்டனர். மாவட்டத்துக்கு ஆறு சட்டமன்ற இடங்கள். அந்த நேரத்தில் அவற்றுள் இரண்டு வெற்று நாற்காலிகள். சாதிக் கணக்குப் பார்த்த பெரியவர்கள் எவரும் இந்தக் கணக்கைப் போட்டதாய் நான் கேள்விப்படவில்லை.

2019 இடைத்தேர்தலில் விளாத்திகுளத்தில் அண்ணா தி.மு.க.வின் சின்னப்பன் வென்றார். 2021இல் தி.மு.க. வேட்பாளராய் மார்க்கண்டேயன் வென்றார். 2011இல் அவரே அண்ணா தி.மு.க. சார்பில் வென்றவர். இதற்கும் எங்கள் ஊர்க் கணக்குப் பிள்ளைகளிடம் விளக்கம் இருக்கிறது, முடிவு வந்த பிறகு!

குளத்தூரில் நான்கு இளைஞர்கள் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறார்கள். எந்தக் கட்சிக்காரர் எந்தத் தேதியில் வந்தார், கண்மாய்க்கும் குடிநீருக்கும் பேருந்துக்கும் என்ன வாக்குக் கொடுத்தார் என்று கோடு போட்டு எழுதுகிறார்கள். பெயர், கட்சி, தேதி, சொன்னது, செய்தது — ஐந்து பத்தி. ஆறாவதாய்ச் சாதியையும் எழுதலாமே என்று ஒரு பெரியவர் யோசனை சொன்னாராம். தாளில் இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். வேட்பாளர் பட்டியல் வெளிவரும் முன்பே அந்த நோட்டைக் கட்சி அலுவலகங்களுக்குக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும் என்பது அவர்கள் திட்டம். மற்ற ஊர்ப் படிப்பகத் தோழர்களுக்கு மாதிரி வேண்டுமென்றால், ஒரு படி எழுதித் தர அவர்கள் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.